தாத்தா வீட்டு வாசலில் கிளட்ச் போன கதை

எங்கள் வேனுக்கு எத்தனையோ கோளாறு வந்திருக்கிறது. அதில் இரண்டை மட்டும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது இழுத்துவைத்துப் பேசுவார்கள். இரண்டும் கிளட்ச் கோளாறு. முதலாவது நிஜமாகவே வந்தது, அதை ஒருத்தரும் நம்பவில்லை. இரண்டாவது சுத்தப் பொய், அதை ஒரு தெருவே நம்பியது.

அப்பாவுக்குக் கோவில்பட்டியில் சொந்தமாக ஒரு லோடு வேன் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ்களில் பண்டல் ஏற்றுவார். சீசன் வந்தால் பசுவந்தனை, நாகலாபுரம் பக்கம் போய் மிளகாய் வத்தல் மூட்டையும் உளுந்து மூட்டையும் ஏற்றி வருவார். டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் இன்ஜின் மூடி இருக்கும். அதன்மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டால் அது என் இடம். ஜன்னலோரம் அம்மாவின் இடம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நாங்கள் மூன்று பேரும் இப்படி உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராகப் போவோம். இன்ஜின் சூடு தாங்காமல் நான் நெளிய ஆரம்பித்ததும் அம்மா என்னைத் தன் மடிக்கு இழுத்துக்கொள்வாள்.

அம்மாவுக்கு அந்த ஜன்னலோரத்தில் ஒரு உத்தியோகமும் இருந்தது. முச்சந்தியில் திரும்பும்போது அப்பாவுக்கு இடது பக்கம் சரியாகத் தெரியாது. அம்மா தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரல, போங்க" என்பாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் அப்பா கிளட்சை விடுவார். கல்யாணமான புதிதில் வழியில் வண்டி படுத்துவிட்டால், அப்பா அடியில் கிடக்க, அம்மாதான் டார்ச் பிடித்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாளாம். அது எல்லாம் நான் பிறப்பதற்கு முந்தின கதை.

வண்டியின் சத்தம் எனக்கு அத்துப்படி. அப்பா சொல்லிக்கொடுத்தாரா என்றால் இல்லை. அவர் வண்டியோடுதான் பேசுவார், நான் ஒட்டுக்கேட்பேன். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று கத்தினால் பேரிங் போகப்போகிறது. மிதித்ததும் சத்தம் அடங்கினால் வம்பு கியர் பாக்ஸுக்குள் இருக்கிறது. இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது, கூடவே மூக்கைத் துளைக்கிற கருகல் வாடையும் வருகிறது என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லுகிற வயதில் நான் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாய்ப்பாடு மட்டும் கடைசிவரைக்கும் வரவில்லை.

முதல் கோளாறு மாமாவுக்குப் பெண் நிச்சயம் பண்ணிப் பூ வைக்கிற அன்று வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாத்தா வீடு நாகலாபுரத்தில் இருந்தது, பெண் வீடு பசுவந்தனையில். சொந்தக்காரர்களையும் தாம்பூலத் தட்டுகளையும் ஏற்றிப்போக எங்கள் வேன் என்று பேச்சு. அம்மாவும் நானும் முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிட்டோம். அப்பா காலையில் வண்டியோடு வந்துவிடுவதாக ஏற்பாடு. காலை போனது, அப்பா வரவில்லை. நல்ல நேரம் தப்பிவிடும் என்று கடைசியில் பக்கத்து வீட்டு டிராக்டரில் போனோம். பட்டுச்சேலை கட்டிய அத்தனை பெண்களும் டிராக்டர் டிரெய்லரில் நின்றுகொண்டு, கரிசல் புழுதி அப்பிய முகத்தோடு சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கினோம். மூத்த மருமகன் எங்கே என்று அங்கே கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொரு தடவையும் அம்மாதான் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள்.

நாங்கள் திரும்பி வந்து வெகுநேரம் கழித்து அப்பா வந்து சேர்ந்தார். முழங்கை வரைக்கும் கிரீஸ். எட்டயபுரம் தாண்டியதும் கிளட்ச் நழுவ ஆரம்பித்துவிட்டது, ஊர்ந்து ஊர்ந்து வந்தேன் என்றார். பெண் பார்த்த விஷயத்தில் தன்னை ஒரு வார்த்தை கலக்கவில்லை என்று அவருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். அது எல்லோருக்கும் தெரியும். தாத்தா அவரைப் பார்க்காமல் தூணைப் பார்த்துக்கொண்டு, "வர மனசில்லாதவனுக்கு வண்டி மேல ஒரு சாக்கு" என்றார்.

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவள் நாள் முழுக்க அவமானப்பட்டவள். "என்னைக்கும் போகாத கிளட்ச்சு இன்னைக்குத்தான் போச்சாக்கும்" என்றாள்.

அப்பாவுக்கு அங்கேதான் விழுந்தது அடி. இனி இந்த வீட்டில் யாராவது கூப்பிடாமல் வாசற்படியை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். மறுநாள் பள்ளிக்கூடம் என்பதால் என்னையும் தூக்கி ஏற்றினார். அம்மா ஏறவில்லை. "மரியாதையா வந்து கூப்பிட்டா வாரேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

கோவில்பட்டி போகிற வழி முழுக்க இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். கருகல் வாடையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்பா சொன்னது நிஜம்தான் என்று எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்ல நான் ஒருத்தி தயாராக இருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கியர் பாக்ஸை இறக்கிப் பழைய பிளேட்டை எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். தேய்ந்து தேய்ந்து ரிவிட்டு தலைகள் வெளியே தெரிந்தன. ஓரமெல்லாம் கருகிப்போய்ச் சட்டி மாதிரி இருந்தது. புதுப் பிளேட்டு மாட்டியதும் மெக்கானிக் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கடைசி கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். இன்ஜின் கப்பென்று நின்றது. நின்றால் பிளேட்டு நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம், நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து. அப்பா பழைய பிளேட்டைக் குப்பையில் போட விடவில்லை. செய்தித்தாளில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அம்மா இல்லாத நாட்கள் வந்தன. அப்பாவின் அக்கா வந்து எங்களுக்குச் சமைத்துப்போட்டாள். அத்தை நல்லவள்தான், ஆனால் தலைபின்னினால் நெற்றித்தோல் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அம்மா பின்னுகிற மாதிரி இல்லை என்று சொல்லவும் பயம். ராத்திரி அம்மாவின் பழைய சேலையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்வேன். அதில் அவள் வாசனை குறைந்துகொண்டே வந்தது. அதற்காக அதைத் துவைக்கக் கேட்ட அத்தையோடு ஒரு பெரிய சண்டை போட்டேன்.

அப்பா ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் முச்சந்தி வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே இருப்பார். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். ஜன்னலோரத்தில் யாருமில்லை என்று ஞாபகம் வந்த பிறகுதான் அவரே எட்டிப் பார்த்துத் திருப்புவார். அம்மா சொல்கிற மாதிரி நான் ஒருநாள் "ஒண்ணும் வரல, போங்க" என்று சொல்லிப் பார்த்தேன். நீ சும்மா இரு என்று அதட்டினார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு பெரிய சட்டம். பிறந்த வீட்டில் கோபித்து நின்றவளைப் புருஷன் வந்து கூப்பிட வேண்டும். வந்த மருமகனை மாமனார் வாங்க என்று கூப்பிட வேண்டும். இவர் கூப்பிடாமல் அவர் வரமாட்டார், அவர் வராமல் இவர் கூப்பிடமாட்டார். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் ஏழு தலைமுறைக்கும் தோற்றவர். பஸ் ஏறித் தானாக வந்துவிடலாமே என்று அம்மாவிடம் யாரும் சொல்ல முடியாது. அப்படி வந்தவள் கதை எல்லாம் தெருவில் வேறு மாதிரி ஓடும்.

ஒரு சனிக்கிழமை அப்பா நாகலாபுரத்துக்கு வத்தல் ஏற்றப் போவதாகச் சொல்லி என்னையும் கூட்டிப்போனார். களத்தில் மூட்டைகளை ஏற்றியாயிற்று. மெயின் ரோட்டுக்கு நேர்வழி ஒன்று இருக்க, அப்பா தாத்தா தெருவழியாக வண்டியை விட்டார். சரியாகத் தாத்தா வீட்டு வாசலில் வந்ததும் இன்ஜின் ஊர் அதிர உறுமியது. வண்டி அசையவில்லை.

இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்திருந்தவளுக்கு அவர் கால் தெரியாதா? "அப்பா, கிளட்ச்ச மிதிச்சிக்கிட்டே ஆக்சிலேட்டரையும் மிதிக்கீங்களே" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் இதுவரைக்கும் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. "வாய மூடு" என்று பல்லுக்குள்ளேயே சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். தெருவில் நிற்பது வாசற்படியை மிதிப்பது ஆகாது. சட்டம் தெரிந்த மனுஷன்.

தெரு கூடிவிட்டது. தாத்தா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜன்னலில் அம்மாவின் சேலைக் கலர் தெரிந்தது. நான் குதித்து ஓடினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, முதல் வேலையாக அத்தை போட்ட பின்னலை அவிழ்த்தாள். பிறகு மெதுவாக, "வண்டிக்கு என்னட்டி?" என்றாள். அப்பா வாயை மூடச் சொல்லியிருந்ததால் நான் மூடிக்கொண்டேன்.

யாரோ பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். தாடி வைத்த பாய் ஒருவர், மொபெட்டில் வந்தார். ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கடைசி கியரைப் போட்டார், கிளட்சை விட்டார். இன்ஜின் கப்பென்று நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பிளேட்டு நன்றாக இருக்கிறதே. பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேப்பமரத்தைப் பார்த்தார். பாய் திரும்பித் தாத்தா வீட்டு ஜன்னலைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தர், "வீட்டம்மா இங்கனதான் இருக்காக பாய்" என்று எடுத்துக்கொடுத்தார்.

பாய் நிதானமாகக் கீழே இறங்கிக் கையைத் துடைத்தார். "பிளேட்டு போயிட்டு அண்ணாச்சி. கியர் பாக்ஸ இறக்கணும். சாமான் கோவில்பட்டில இருந்துதான் வரணும். நாளைக்குப் பாப்போம்" என்றார்.

"இன்ஜின் நின்னுச்சே, நின்னா பிளேட்டு நல்லா இருக்குன்னுதான அர்த்தம்?" என்றேன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"பாப்பா, இது வேற மாதிரி நிக்குது" என்று சொல்லிவிட்டு பாய் மொபெட்டை மிதித்தார். படித்துவிட்டு வந்து ஒருநாள் இவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கோபமாக நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேப்பமரத்தடியில் ஒரு கட்டில் வந்தது. யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை. மருமகன் வெறும் தரையில் கிடந்தால் தாத்தாவுக்குத்தான் கேவலம், அதனால் கட்டில் தானாக நடந்து வந்ததாக வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டை நான் கொண்டுபோனேன். அம்மா வைத்த குழம்பை ஒரு வாய் போட்டதும் அப்பா கொஞ்சநேரம் மெல்லாமல் இருந்தார். "உங்கம்மா சாப்பிட்டாளான்னு கேளு" என்றார். உள்ளே போய்க் கேட்டேன். "அவிய சாப்பிட்டப்புறம் சாப்பிடுதேன்னு சொல்லு" என்றாள். இப்படி உள்ளுக்கும் வெளிக்குமாக எத்தனை நடை நடந்தேனோ. பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு இவர்கள் ஏன் என்னை இப்படி அலைக்கழிக்கிறார்கள் என்று எனக்குக் காலும் வலித்தது, எரிச்சலும் வந்தது.

கடைசியாகத் தட்டை எடுக்கப் போனபோது அப்பா சீட்டுக்கு அடியில் கையை விட்டு அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார். "இத உங்கம்மாட்ட குடு. ஒண்ணும் சொல்லாத" என்றார்.

அம்மா அடுப்படி விளக்கு வெளிச்சத்தில் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரிவிட்டு தலைகளை விரலால் தடவினாள். மூக்கருகே கொண்டுபோனாள். அத்தனை நாளாகியும் வாடை போகவில்லை.

"இது எப்பட்டி போனது?"

"மாமாவுக்குப் பூ வச்ச அன்னைக்கு. போற வழியெல்லாம் நாறிட்டு. எனக்கு வாந்தியே வந்துட்டு."

அம்மா பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தாள். புகை என்று நினைத்தேன், அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

விடிந்ததும் அப்பா டீ குடிக்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனார். அம்மா வாசல் தெளிக்கும் சத்தம் எனக்குத் தூக்கத்தில் கேட்டது. பிறகு அவள் உள்ளே வந்தபோது முதுகெல்லாம் ஈரக் கரிசல் மண். வழுக்கி விழுந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். கை கறுப்பாக இருந்தது. அது தோசைக்கல் கரியாகத்தான் இருக்கும்.

அப்பா திரும்பி வருவதற்கும் தாத்தா வாசலில் நின்று பல் விளக்குவதற்கும் சரியாக இருந்தது. தாத்தா பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி, "வண்டி நின்னாத்தான் சில பேருக்கு இந்தப் பக்கம் வழி தெரியுது" என்றார்.

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "ஏட்டி, ஏறு, போவோம்" என்று என்னை அழைத்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியில் கோளாறு இல்லை என்பது உலகத்திலேயே அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். இப்போது கிளம்பினால் நிஜமாகவே கிளம்பிவிடும். நான் ஏறமாட்டேன் என்று அழுதேன். அப்பா தூக்கி உட்காரவைத்தார். மறுபடியும் அத்தை பின்னல், மறுபடியும் அந்தச் சேலை என்று நினைக்க நினைக்க ஏங்கி ஏங்கி அழுதேன்.

அப்பா சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. கிளட்சை மிதித்தார். பெடல் தொப்பென்று பலகை வரைக்கும் போய் அப்படியே கிடந்தது. கியரைப் போட்டார். கறகறவென்று பல்லைக் கடித்ததே தவிர விழவில்லை. இன்னொரு தரம் போட்டார். விழவில்லை. இந்தத் தடவை அப்பா நடிக்கவில்லை, காலை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இறங்கி வண்டிக்கு அடியில் போனார். பெடலை மிதித்தால் ஒரு கேபிள் இழுபடும், அதன் மறுமுனையை கியர் பாக்ஸ் பக்கத்தில் விரல் நீள ஆணி ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஆணியைக் காணோம். கேபிள் வெறுமனே தொங்கியது. அதற்கு மாற்றாக ஒரு கம்பியைச் செருகிக் கட்டிவிட்டுப் போவது அப்பாவுக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவர் வெளியே வரவே இல்லை. என்ன பார்க்கிறார் என்று நானும் குனிந்து பார்த்தேன். ஈர மண்ணில் ஆள் படுத்த தடம் ஒன்று இருந்தது, அதன் பக்கத்தில் உடைந்த கண்ணாடி வளையல் துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு மல்லாக்கக் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வரவில்லை. கண்ணிலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் வழிந்தது.

வெளியே வந்து தாத்தாவைப் பார்த்து நேராகவே சொன்னார். "வண்டி நிஜமாத்தான் நிக்குது மாமா. கை கழுவணும்."

தாத்தா வாயில் பற்பொடி நுரையோடு நின்றார். அதைத் துப்பினால்தான் பேச முடியும், துப்பினால் மரியாதைக் குறைவு. கையை மட்டும் வீட்டுப் பக்கமாக நீட்டினார். கூப்பிட்டதா இல்லையா என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் வழக்கு இருக்கிறது. அப்பா வாசற்படியை மிதித்துவிட்டார்.

புழக்கடைத் துவைகல்லில் மண்ணெண்ணெயும் சோப்பும் ஏற்கெனவே எடுத்துவைத்திருந்தது. அம்மா தன் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் போய்க் குந்தினார். அவள் அவர் கையில் மண்ணெண்ணெயை ஊற்றினாள். இரண்டு பேர் கையிலிருந்தும் ஒரே கறுப்புத் தண்ணீர் ஓடியது. தோசைக்கல் கரிக்கு யாராவது மண்ணெண்ணெய் போடுவார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்க நினைத்தேன், அதற்குள் பசி வந்துவிட்டது.

பிறகு பாய் வந்தார், ஒரு சாமானும் கொண்டுவராமல். காபி குடித்தார். அடியில் போய் ஒரு புது ஆணியை மாட்டிவிட்டு எழுந்து, கியர் பாக்ஸை இறக்கி ஏற்றியவர் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தாத்தா அம்மாவின் பையைத் தானே தூக்கிவந்து வண்டியில் வைத்தார். "ஏறு தாயி, மறுபடியும் கெட்டுப்போறதுக்குள்ள" என்றார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். நான் ஓட்டுகிற காரில் கிளட்சே கிடையாது. என் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை. அவர் காரிலும் கிடையாது. எங்களுக்குள் சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, போனில் மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். யார் வந்து கூப்பிடுவது என்பதுதான் முடிவாகவில்லை. இரண்டு வண்டிகளும் நல்ல கண்டிஷனில் இருக்கின்றன. சில சாயங்காலங்களில் பால்கனியில் நின்று கீழே பார்ப்பேன். ஒரு வண்டி வந்து இங்கே நின்றுபோகக் கூடாதா என்று இருக்கும்.

ஆணியைப் பற்றி அம்மாவிடம் கேட்டால் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டாள். எனக்கு என்னட்டி தெரியும் வண்டியைப் பத்தி என்பாள். ஆனால் அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நாகலாபுரம் முச்சந்தியில் அப்பா வண்டியை நிறுத்தினார். அம்மா தலையை வெளியே நீட்டி, "ஒண்ணும் வரல, போங்க" என்றாள். அப்பா உடனே போகவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளட்சை விட்டார். இன்ஜின் சூடு ஏறியதும் நான் அம்மாவின் மடியில் சாய்ந்தேன். அவள் முந்தானை முடிச்சில் கட்டியாக ஏதோ என் கன்னத்தில் குத்தியது. காசாக இருக்கும் என்று நினைத்து, எட்டயபுரம் வந்ததும் கடலைமிட்டாய் வாங்கிக்கொடு என்று கேட்டேன்.